கூர் பார்க்கும் கை

பக்கீர் நானா வாங்க வந்தது ரொட்டி உருட்டும் கட்டை. ஆனாலும் படியேறும்போதே கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இடது சட்டைக்கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டார். கொட்டகலைக் குளிரில் யாரும் மனசார அப்படிச் செய்யமாட்டார்கள். ஆண்டியப்பன் பாஸின் கடைசல் பட்டறைக்குள் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை.

பாஸ் சாணையை விட்டு எழுந்து வந்தார். நானாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். அப்போதுதான் சாணை பிடித்து முடித்த குழியுளியைக் கைமேல் வைத்து ஒரே தள்ளு. கட்டைவிரல் அகலத்துக்கு முடி சுத்தமாக விலகிக்கொண்டது. வாயைக் குவித்து அதை 'ஃபூ' என்று ஊதித் தள்ளிவிட்டு, வெறுமையான இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஒரு முடி தப்பிச்சிருச்சு நானா."

"ஒரு முடிதானே பாஸ், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"அது எப்பிடிங்க? உளி வாயில பிசிர் இருக்குன்னுல்ல அர்த்தம். இருங்க, இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வர்றேன்."

நானா பெருமூச்சு விட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். தெருவின் எதிர்ப்பக்கத்தில் அவருடைய தேத்தண்ணிக் கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் எழுந்து போகவில்லை. பாதியில் எழுந்து போனவர்களை பாஸ் தெருவரைக்கும் துரத்திக்கொண்டு வந்து கையைக் கேட்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

தச்சர், கொத்தர் எல்லோரையும் பாஸ் என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆண்டியப்பன், கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருட்டிக் கடைந்தெடுக்கிற பாஸ். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பம்பரம், பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூரில் கைத்தடி என்று எல்லாம் செய்வார். செய்வார் என்பதைவிடச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பார் என்பதுதான் சரி. விடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் உளி தீட்டுவார். சாப்பிட்டு எழுந்ததும், காலையில் தீட்டியதில் குளிர்காற்றுப் பட்டுவிட்டது என்று மறுபடியும் தீட்டுவார். இடையில் கொஞ்ச நேரம் கிடைத்தால் கட்டையும் கடைவார்.

அவருடைய கைகளில் முடி என்று ஒன்று முளைத்ததே அவருக்கு மறந்துபோயிருக்கும். மழித்து மழித்து இரண்டும் மெருகேற்றிய கட்டில் கால் மாதிரி ஆகிவிட்டன. சொந்த நிலம் தரிசாகிவிட்டதால்தான் ஊரார் நிலத்தில் இறங்கினார். பஜாரில் யாருடைய இடது கையிலாவது முடிக்கு நடுவே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பாதை ஓடினால், அவர் வீட்டில் புது மத்தோ புதுக் கட்டிலோ வந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சலூன்காரர் மட்டும், இந்த ஆள் நம் தொழிலில் கை வைக்கிறானே என்று முறைப்பார். அவர் கையிலும் ஒரு பாதை உண்டு.

உளி வாங்குவதென்றால் அட்டனுக்கு பஸ் ஏறுவார். அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் ராசிக் முதலாளி, இவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே கடைப்பையனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாஸ் உளிப்பெட்டியை அப்படியே மேசையில் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டிக் காதருகே கொண்டுபோவார். நல்ல உருக்கு மணியடிக்குமாம், மட்டமானது இருமுமாம். பிறகு பள்ளத்துக்குள், டாக்டர் தொண்டையைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்ப்பார்.

"உள் பள்ளம் கண்ணாடியாட்டம் இருக்கணும். உள்ள கோடு விழுந்திருந்துச்சுன்னா வெளிய எவ்வளவு தீட்டினாலும் வாய் ரம்பமாத்தான் வரும்" என்பார். கட்டில் காலில் நெளிவெடுக்கப் பள்ளம் குறைந்த உளி, கிண்ணம் குடையப் பள்ளம் மிகுந்த உளி என்று இரண்டு குவியலாகப் பிரிப்பார். எல்லாவற்றையும் நாக்கு நுனியில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார். அது எதற்கு என்று இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "மொதலாளி, இது மூஞ்சியக் காட்டுது, வேற குடுங்க" என்பார்.

அவரிடம் இருப்பதிலேயே ஒசத்தியான உளிக்குப் பெயர் துரை. பொழுதுபோக்குக்காக பங்களாவில் மரம் கடைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கப்பலேறியபோது இவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. தோட்டமே துரை என்றால் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நிற்கும். இவர் மட்டும், "துரைக்கு எண்ணெய் போட்டு மூலையில சாத்தி வையி" என்று உரக்கச் சொல்லுவார்.

சாணைச் சக்கரத்தைச் சுற்றுகிறவள் மகள் மீனம்மா. உளியைச் சக்கரத்தில் சாய்த்து, தொட்டிலாட்டுகிற கையைப் போல மணிக்கட்டை உளிவாயின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் உருட்டுவார் பாஸ். எங்கேயும் நின்றுவிடக் கூடாது. நின்றால் அந்த இடம் தட்டையாகிவிடும். அழுத்தவும் கூடாது. அழுத்தினால் சூடேறி உருக்கில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த உளியும் செத்த உளியும் ஒன்று. இதெல்லாம் மீனம்மாவுக்குக் காதாலேயே தெரியும். சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், "அப்பா, சூடேறுது" என்று சொல்லித் தண்ணீரைத் தெளித்துவிடுவாள். தகப்பனைவிட அவளுக்குக் காது கூர்மை. ஆனால் அதை அவரிடம் சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

"உளியோட முதுகு மொதல்ல மரத்துல ஒரசணும். அப்புறந்தான் வாய் கடிக்கணும். எடுத்த எடுப்புலயே வாயக் குடுத்தா மரம் ஒதைக்கும்." இது வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பாஸ் சொல்லுகிற பாடம். அவருடைய மனைவி பேச்சியம்மா அதை வேறு காரியத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாள். யாராவது பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்தால், "இந்தாங்க, எடுத்த எடுப்புலயே வாயக் குடுத்துடாதீங்க" என்று காதோடு சொல்லுவாள்.

சொல்லுவதற்குக் காரணம் இருந்தது. போன ஆனி மாதம் இறம்பொடையிலிருந்து மீனம்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் கடையில் கணக்கெழுதுகிறவன், வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம். தட்டில் பலகாரத்தை வைத்துவிட்டுப் பேச்சியம்மா அடுக்களைக்குத் திரும்பியிருப்பாள், அவ்வளவுதான். 'நல்ல கையா இருக்கே' என்று பாஸ் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார். பையன், கைரேகை பார்க்கிறார் போலிருக்கிறது என்று ஆசையாக நீட்டினான். அடுத்த நிமிஷம் கடிகார வாருக்குமேல் ஒரு பாதை. கூட வந்திருந்த அத்தை எழுந்து நின்று கூச்சல் போட்டாள். "கருமாதிக்குத்தான்டா மயிர மழிப்பாங்க! நல்ல காரியத்துக்கு வந்த புள்ளைக்கு மழிக்கிற வீட்டுல நாம பச்சத் தண்ணி குடிக்கப்புடாது!"

போனவர்கள் போனவர்கள்தான். மீனம்மா அழவில்லை. சண்டை போடவில்லை. ஆடி முழுக்கத் தகப்பனோடு பேசாமல் சாணையைச் சுற்றினாள். சூடேறுகிறது என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஆடியில் அவர் நீலமாக்கிய உளிகளுக்குக் கணக்கில்லை. தன்னால் மகளின் கல்யாணம் முறிந்தது என்பது அவருக்கு உள்ளுக்குள் ஆறாத வேதனையாக இருந்தது. ஆனால் வேதனை வந்தால் அவர் என்ன செய்வார்? உளியைத்தான் தீட்டுவார்.

தை பிறந்ததும் தரகர் மூக்கன் இன்னொரு இடம் கொண்டுவந்தார். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம். மாப்பிள்ளை முத்துலிங்கம் தேயிலை பெக்டரியில் வேலை. மாரியம்மன் திருவிழாவில் மீனம்மா அவனை ஒரு தடவை பார்த்திருக்கிறாள் என்றும், அவனும் திரும்பிப் பார்த்தான் என்றும் பேச்சியம்மாவுக்குத் தெரியவந்தது. மகள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், சாணைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில் ஊற்றினாள். பேச்சியம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

புருஷனைக் கையோடு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, "அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"என்னான்னு?"

"மாப்பிள்ளை கையத் தொட மாட்டேன்னு."

"கல்யாணத்துல கையப் புடிச்சுக் குடுக்கணுமே?"

"அது அப்ப பாத்துக்கலாம். இப்ப அணைங்க."

ஆண்டியப்பன் பாஸ் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். சூடம் அணைத்த சத்தியத்தை மீறினவனைப் பற்றித் தோட்டங்களில் நல்ல கதை ஒன்றுகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மழை. உடப்புசல்லாவைக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பட்டறையைக் கடந்து வீட்டுக்குள் வருவதற்குள் நனைந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவனுடைய அப்பா சோலைமலை, அம்மா அம்மாக்கண்ணு, கூடவே மூக்கன். எல்லோரும் ஈரக் கோட்டுகளைக் கழற்றினார்கள். மாப்பிள்ளை கை கழுவுவதற்காகச் சட்டைக்கையை ஒரு தடவை மடித்தான், கழுவினான், உடனே இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

அந்த ஒரு கணம் போதும். ஆண்டியப்பனுக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்படியொரு கையை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், வருஷக் கணக்கில் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மலை மாதிரி கறுகறுவென்று அடர்ந்து கிடந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பேச்சியம்மா அடுக்களையிலிருந்து ஒரு தடவை இருமினாள்.

"என்னா சம்பந்தி, கை வலிங்களா?" என்று சோலைமலை கேட்டார்.

"குளிருங்க" என்றார் பாஸ்.

பார்வையை மாப்பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று சோலைமலையின் பக்கம் திரும்பினார். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். சட்டைக்கை சரிந்து முழங்கைக்குப் போயிருந்தது. அந்தக் கையில் ஒரு முடி இல்லை. மற்றக் கையிலும் இல்லை. மெருகேற்றிய கட்டில் கால்.

பாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது, அதாவது மயிர் இருந்திருந்தால் கூச்செறிந்திருக்கும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நீங்க எதுலங்க கூர் பாக்குறது?"

சோலைமலை ஒருமுறை மனைவி இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு, அவரும் குரலைத் தாழ்த்தினார். "கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடி வெட்டுறது. நீங்க?"

"குழியுளி. சாணைச் சக்கரத்துல புடிக்கிறது."

"சக்கரமா?" சோலைமலை பரிதாபமாகச் சிரித்தார். "சக்கரத்துல வர்றது கூர் இல்லீங்க, சூடு. கூருன்னா கையால கல்லுல இழுக்கணும்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் வெற்றிலைத் தட்டைத் தாண்டி எழுந்து, மூக்கன் "எங்கங்க போறீங்க?" என்று கேட்பதற்குள் பட்டறையில் இருந்தார்கள். என்ன நடக்குமோ என்று மூக்கனும் பின்னாலேயே ஓடினார். மாப்பிள்ளையும் மெல்ல எழுந்து வந்து வாசலோரமாக நின்றான்.

பாஸ் ஒரே அளவில் இரண்டு உளிகளை எடுத்தார். துரையைத் தனக்கு வைத்துக்கொண்டு, ராசிக் முதலாளி கடையில் வாங்கியதைச் சோலைமலையிடம் கொடுத்தார். சோலைமலை இடுப்பு மடியிலிருந்து ஒரு சாணைக்கல்லை எடுத்தார். பெண் பார்க்க வருகிற இடத்துக்கும் கல்லோடு வருகிற மனுஷன்! பாஸுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கல்லுக்கு ஈரம் வேண்டும் என்று சோலைமலை சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மீனம்மா முதல் தட்டில் பால் சேர்க்காத சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து போனாள். சோலைமலை ஒரு கோப்பையை எடுத்து, கொஞ்சமும் யோசிக்காமல் கல்லின்மேல் ஊற்றினார்.

"ஐயையோ, அது பொண்ணு போட்ட தேத்தண்ணிங்க!" என்று மூக்கன் அலறினார்.

"மலையில நாங்க இதத்தான் ஊத்துறது. நல்லாத்தான் போட்டிருக்கு புள்ள. கல்லுல நொரை வருது பாருங்க."

சோலைமலை தீட்ட ஆரம்பித்தார். கத்தியை இழுத்துப் பழகின கை. உளியையும் அப்படியே நேராக இழுத்தார். வளைவான வாயில் ஒரு மூலை விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா, பெரிய மனிதர், ஒன்றும் சொல்லக்கூடாது, எடுத்த எடுப்பிலேயே வாயைக் கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார். இன்னொரு இழுப்பு. இன்னொரு மூலை. மகளின் வாழ்க்கையா உளியின் வாயா என்று அவருக்குள் ஒரு போராட்டமே நடந்தது. சொல்லவே வெட்கம், உளிதான் ஜெயித்தது.

"யோவ், மணிக்கட்ட உருட்டுய்யா!" என்று கத்திவிட்டார்.

மூக்கன் கண்ணை மூடிக்கொண்டார். சோலைமலை உளியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மணிக்கட்டை ஒரு உருட்டு உருட்டிப் பார்த்தார். மூலை மறைந்தது. இன்னொரு தடவை உருட்டினார்.

"அட!" என்றார். "இது ஏன்யா இத்தன நாளா எனக்குத் தெரியாமப் போச்சு!"

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் உலகம் மறந்துவிட்டது. ஒருவர் சக்கரத்தைத் தானே சுற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் தீட்டினார், இன்னொருவர் தேத்தண்ணி ஊற்றி ஊற்றித் தீட்டினார். உள்ளே பேச்சியம்மாவும் அம்மாக்கண்ணுவும் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, சத்தம் வந்த பக்கம் எழுந்து வந்தார்கள்.

அம்மாக்கண்ணு கல்லைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "இங்கயுமா! கல்ல எடுத்துட்டு வரமாட்டேன்னுதானே சொன்னீங்க?"

பேச்சியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க வீட்டுலயுமா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் இரண்டு பெண்களும் ஜென்ம சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

உளிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மின்னின. யாருடையது கூர்? பாஸ் தன் கையைப் பார்த்தார், சோலைமலை தன் கையைப் பார்த்தார். நாலும் தரிசு. மூக்கன் சட்டைக்கையை மடித்துக் காட்டினார். போன வாரமே பாஸ் இரண்டு கையையும் முழுசாக அறுவடை செய்திருந்தார்.

"எம் பையன் கையில இருக்கு" என்றார் சோலைமலை ஏக்கத்தோடு. "பெத்தவன் நானு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கைய நீட்டுனதில்ல. பத்து வயசுலருந்து முழுக்கைச் சட்டதான் போடுறான். தூங்கும்போதும் கழட்ட மாட்டான்."

முத்துலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாஸ் மனைவியைப் பார்த்தார். பேச்சியம்மா உள்ளங்கையைத் திருப்பிச் சூடம் அணைக்கிற மாதிரி காட்டினாள். பாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் தொடப்புடாதுங்க. சத்தியம்" என்றார்.

"நானும் பாக்கக்கூடாது" என்றார் சோலைமலை. "தீட்டுனவனே கூர் பாத்தா என்னாங்க நியாயம்?"

அப்போது மீனம்மா இரண்டாவது தட்டோடு வந்தாள். முதல் தட்டுத் தேத்தண்ணி முழுக்கக் கல்லுக்குப் போய்விட்டதால் மறுபடியும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் சிலை மாதிரி நிற்பதைப் பார்த்தாள். பளபளக்கிற இரண்டு உளிகளைப் பார்த்தாள். என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறம்பொடைக்காரர்கள் எழுந்து போனது ஞாபகத்துக்கு வந்து முகம் வெளுத்துவிட்டது.

முத்துலிங்கம் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தான். இடது கைப் பொத்தானைக் கழற்றினான். சட்டைக்கையை ஒவ்வொரு மடிப்பாக முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்து, கையை நீட்டினான். அப்பாவிடம் இல்லை, பாஸிடமும் இல்லை. அவளிடம்.

மீனம்மா தட்டைத் தாயிடம் கொடுத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். துரையைக் கைமேல் வைத்து ஒரே தள்ளு. கட்டைவிரல் அகலத்துக்கு முடி விலகிக்கொண்டது. வாயைக் குவித்து அதை மெல்ல ஊதினாள். வெறுமையான இடத்தை வெளிச்சத்தில் சாய்த்து, தகப்பனைப் போலவே ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அம்மாக்கண்ணு தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

"அந்த உளியக் குடுங்க மாமா" என்று மீனம்மா சோலைமலையிடம் கையை நீட்டினாள்.

முத்துலிங்கம் வலது கைப் பொத்தானை ஏற்கெனவே கழற்றிக்கொண்டிருந்தான்.